ட்ரெஞ்ச் பலகைக் கோளாறுகள்: மேலே தெரிவது ஒன்று, அடியில் இருப்பது ஒன்று

போன பங்குனியில் காவேரிப்பட்டணத்துத் தம்பி ஒருவன் பைக் பின்சீட்டில் ஒரு ட்ரெஞ்ச் பலகையை, அதாவது பொம்மைப் போர் ஆட்டத்துக்கான பதுங்குகுழி மாதிரியை, கட்டிக்கொண்டு தருமபுரிக்கு வந்தான். இரண்டடிக்கு இரண்டடி. மணல் மூட்டை, ஏணி, முள்கம்பி எல்லாம் அருமையாகச் செய்திருந்தான். மேசையில் வைத்தால் நான்கு மூலையும் மேலே தூக்கிக்கொண்டு முறம் மாதிரி நின்றது. "ஒண்ணுமே பண்ணலண்ணா. அட்டாலியில வச்சிருந்தேன், தானா வளைஞ்சிடுச்சு" என்றான்.

28 மி.மீ. பொம்மை வீரர்களை வைத்து முதல் உலகப் போர் ஆட்டம் ஆடுகிறவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற எங்கள் இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடுவோம். ரெடிமேட் பலகை வாங்கக் கடை இல்லை. அதனால் எல்லாம் கைவேலைதான், கோளாறும் நம்முடையதுதான். யார் கெட்டுப்போன பலகையைக் கொண்டுவந்தாலும் நான் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்பேன். மேலே தெரியும் பிழைக்கான காரணம் பெரும்பாலும் அதற்கு ஓர் அடுக்கு கீழே இருக்கும். கீழே உள்ளவற்றில் உங்கள் பலகைக்குப் பொருந்தும் அறிகுறியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தத்தையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

பலகை முறம் போல வளைந்துவிட்டது

வெள்ளைப் பசை, அதாவது நாம் பொதுவாக ஃபெவிகால் என்று சொல்லும் வகை, காயும்போது சுருங்கும். மேல்பக்கம் முழுக்கப் பசை பூசி, மணல் தூவி, அதன்மேல் தண்ணீர் கலந்த பசையை இன்னொரு தடவை ஊற்றியிருப்பீர்கள். கீழ்ப்பக்கம் வெறும் பலகை. மேலே சுருங்குகிறது, கீழே இழுத்துப் பிடிக்க ஆளில்லை, மூலைகள் எழும்புகின்றன. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் காயவைத்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். தம்பியின் பலகையைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் இருந்தது 3 மி.மீ. ஹார்ட்போர்டு, அதுவும் பெயிண்ட் படாதது.

வளைவு அரை சென்டிமீட்டருக்குள் என்றால் காப்பாற்றலாம். பலகையைக் கவிழ்த்து, அடிப்பக்கம் முழுவதும் மேலே பூசிய அதே பசையைத் தண்ணீர் கலந்து பூசுங்கள். அது காய்கிறபோது எதிர்ப்பக்கம் இழுக்கும். மேலே உள்ள வேலைப்பாடு நசுங்காதபடி, வெறும் தரையாக இருக்கும் இடங்களில் மட்டும் ஒரே உயரமுள்ள தெர்மகோல் துண்டுகளை முட்டுக் கொடுத்து, அடிப்பக்கத்தின்மேல் பாரம் ஏற்றி மூன்று நாள் விடுங்கள். பாரத்துக்குக் கிருஷ்ணகிரிக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். கிரானைட் பட்டறை ஓரத்தில் கழித்துப் போட்ட துண்டுகள் கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். நல்ல சமதளம், நல்ல எடை.

வளைவு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் பாரம் வைத்துப் பயனில்லை. வைத்த பாரத்தை எடுத்த இரண்டாம் நாளே பழைய வடிவத்துக்குப் போய்விடும். தம்பியின் பலகையை அப்படித்தான் அறுக்க வேண்டி வந்தது. ஹார்ட்போர்டை உரித்து எறிந்துவிட்டு, மேல் ஃபோமை இரண்டாக வெட்டி, 6 மி.மீ. எம்டிஎஃப் மேல் ஒட்டினோம். வெட்டிய கோட்டின்மேல் மணல் மூட்டை வரிசை ஒன்று வந்தது. இன்று யாருக்கும் அது தெரியாது.

அடுத்த பலகைக்கு: எம்டிஎஃப் 6 மி.மீ. அல்லது ப்ளைவுட் 9 மி.மீ. எதுவானாலும் வேலையைத் தொடங்கும் முன்பே இரண்டு பக்கமும், முக்கியமாக நான்கு விளிம்பும், ப்ரைமர் அடித்துவிடுங்கள். எம்டிஎஃப் விளிம்பு வழியாகத்தான் தண்ணீர் குடிக்கும். குடித்தால் உப்பும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

ஃபோம் உருகி அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிட்டது

ஸ்ப்ரே பெயிண்ட் அடித்திருக்கிறீர்கள், அல்லது செருப்புக்கு ஒட்டும் மஞ்சள் ரப்பர் பசையைப் போட்டிருக்கிறீர்கள். இரண்டிலும் உள்ள கரைப்பான் தெர்மகோலைத் தின்னும். நீலம், இளஞ்சிவப்பு நிறங்களில் வரும் கெட்டி எக்ஸ்பிஎஸ் ஃபோமும் அதே பாலிஸ்டைரீன் குடும்பம்தான். அதுவும் தப்பாது. உருகியதைத் திரும்ப எழுப்ப முடியாது. அந்த இடத்தைக் குண்டு விழுந்த பள்ளமாக மாற்றிவிடுங்கள், உண்மையில் அதைவிட நல்ல பள்ளம் கையால் செய்வது கடினம். ஆனால் ட்ரெஞ்ச் சுவரின் உள்பக்கம் உருகியிருந்தால் படல் (குச்சி பின்னிய தட்டி) வைத்து மறைக்க வேண்டும்.

இனி ஸ்ப்ரே அடிக்க ஆசையிருந்தால், முதலில் வெள்ளைப் பசையும் கறுப்பு எமல்ஷனும் கலந்து இரண்டு கோட் பூசி, ஊசிமுனை அளவு ஃபோம்கூட வெளியே தெரியாமல் மூடிவிடுங்கள். சூடான நைக்ரோம் கம்பியால் ஃபோம் வெட்டுகிறவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புகை நல்லதல்ல. மூடிய அறையில் ஒரு மணி நேரம் வெட்டினால் தலை வலிக்கும், எனக்கு வலித்திருக்கிறது.

போர்க்களம் மாதிரி இல்லை, குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய குழி மாதிரி இருக்கிறது

இதுதான் அதிகம் வரும் புகார். எங்கள் ஊர்க்காரர்கள் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குத் தோண்டியபோது எத்தனையோ குழியைப் பார்த்தவர்கள். அதனால் கை தானாக நேர்க்கோட்டில் போகிறது. பெயிண்டை மாற்றி, முள்கம்பியைக் கூட்டி, செத்த மரம் நட்டு என்ன செய்தாலும் இது தீராது. கோளாறு வெட்டிய கோட்டில் இருக்கிறது.

உண்மையான முன்னணி ட்ரெஞ்ச் நேராக ஓடாது. ஒரு நீளம் நேராகப் போகும், பிறகு ஒரு மண் திட்டைச் சுற்றிக்கொண்டு பின்வாங்கும், திரும்ப முன்னால் வந்து நேராகும். மேலிருந்து பார்த்தால் கோட்டை மதிலின் பல் வரிசை போல இருக்கும். காரணம் இரண்டு. உள்ளே விழும் ஷெல்லின் சிதறல் ஒரு வளைவுக்குள் அடங்கிவிடும். எதிரி ஒரு முனையைப் பிடித்துவிட்டாலும் முழு நீளத்துக்கும் சுட முடியாது. வீரர்கள் நிற்கும் ஒவ்வொரு நேர்ப்பகுதியும் ஏறத்தாழ 5 முதல் 9 மீட்டர், நடுவில் உள்ள மண் திட்டு 3 மீட்டர் அளவு. 28 மி.மீ. பொம்மைக்கான 1:56 கணக்கில், அதாவது அசலை 56-ஆல் வகுத்தால், நேர்ப்பகுதி 9 முதல் 16 செ.மீ., திட்டு 5 செ.மீ. தாளில் இதை வரைந்து பலகைமேல் வைத்துப் பாருங்கள். இரண்டடிப் பலகையில் மூன்று அல்லது நான்கு நேர்ப்பகுதிதான் வரும். அதுவே போதும்.

ஏற்கெனவே நேராக வெட்டிவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். முன்னணியிலிருந்து பின்னணிக்குப் போகும் தொடர்புப் பாதையும் வளைந்தே போகும் என்றாலும், அதில் வீரர் ஏறி நின்று சுடுவதற்கான படி (சுடும் படி) வேண்டியதில்லை, அகலமும் குறைவு. உங்கள் நேர்க்குழியின் சுவரில் இரண்டு மூன்று இடத்தில் ஃபோம் துண்டுகளை ஒட்டி நெளிவு கொடுத்து, அதைத் தொடர்புப் பாதையாக்கிவிட்டு, முன்னணிக்குப் புதிதாக ஒரு பலகை செய்யுங்கள். நான் அப்படித்தான் தப்பித்தேன்.

இன்னொரு வழியும் உண்டு. பிரான்சில் நெவ் ஷாப்பெல் பக்கம் நிலத்தடி நீர் மிக மேலே இருந்தது. ஆழத் தோண்டினால் ஊற்றெடுக்கும். அதனால் அங்கே நிலத்துக்கு மேலேயே மணல் மூட்டையும் மண்ணும் கொண்டு மார்பளவுச் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். 1915 மார்ச்சில் இந்தியப் படைப்பிரிவுகள் தாக்கிய களம் அது. இன்று அங்கே அவர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. பலகையில் பள்ளம் வெட்ட ஃபோம் கனம் போதவில்லை என்கிறவர்கள் மேசைமேல் வரப்பு மாதிரி எழுப்பும் இந்த வகையைச் செய்யலாம். சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் வரலாற்றைக் காட்டிவிடலாம்.

வீரர் தலை வெளியே தெரியவில்லை, அல்லது இடுப்புவரை தெரிகிறது

ஒரு சின்னக் கணக்கு. ட்ரெஞ்ச் ஆழம் சுமார் 1.8 மீட்டர். 56-ஆல் வகுத்தால் 32 மி.மீ. அதன்மேல் எதிரிப் பக்கத்து மண் கரையான முன்வரப்பு 10 மி.மீ. ஆக, குழித் தரையிலிருந்து மொத்தம் 42. பொம்மையின் கண் உயரம் 28, அடித்தட்டு 3, சேர்த்தால் 31. தரையில் நின்றால் முழுக்க மறைவு. சுடும் படியின் உயரம் 12 மி.மீ. என்று வையுங்கள், கண் 43-க்கு வருகிறது. வரப்புக்கு மேலே கண்ணும் துப்பாக்கியும் மட்டும். இதுதான் வேண்டியது.

தலை தெரியவில்லை என்றால் படியின்மேல் 2 மி.மீ. சன்போர்டு (ஃபோம் அட்டை) ஒட்டி ஏற்றுங்கள். வரப்பை இறக்காதீர்கள், மேலே செய்த வேலை எல்லாம் போய்விடும். இடுப்பு தெரிகிறது என்றால் வரப்பில் இன்னொரு வரிசை மூட்டை. பின்வரப்பு முன்வரப்பைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கட்டும். பின்னால் வானம் தெரிந்தால் எட்டிப் பார்க்கிறவன் தலை நிழலுருவமாக எதிரிக்குத் தெரியும், பின்னால் விழும் குண்டின் சிதறலும் முதுகில் பாயும்.

அகலத்தில் மட்டும் வரலாற்றுக்கு உண்மையாக இருக்க முயலாதீர்கள். அசல் அளவை அப்படியே சுருக்கினால் தரை 2 செ.மீ.தான் வரும், 25 மி.மீ. அடித்தட்டு உள்ளே இறங்காது. தரைக்கு 35, படிக்கு 28 கொடுங்கள். விரலும் உள்ளே போய் வர வேண்டுமே.

மண் நிறம் சரியில்லை

வீட்டுத் தோட்டத்துச் செம்மண்ணைச் சலித்துத் தூவியிருக்கிறீர்கள். பெல்ஜியம் பக்கத்துச் சேறு சாம்பலும் பழுப்பும் கலந்த களிமண். பிரான்சின் சோம் பகுதியில் மேல்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை, தோண்டிக் கொட்டிய மண் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும். நம் மண் அப்படியே பாலக்கோடு. அழகான நிறம்தான், ஆனால் தப்பான நாடு. 1791 நவம்பரில் கிருஷ்ணகிரிக் கோட்டையைக் கும்பினிப் படை தாக்கித் தோற்ற இரவை ஆடுவதாக இருந்தால் இந்த மண்ணைத் தொட வேண்டாம், அப்படியே விடுங்கள்.

மற்றபடி மண்ணைச் சுரண்ட வேண்டியதில்லை. மேலே எமல்ஷன் பூசுங்கள். நிறம் கலக்கப் பெயிண்ட் கடையில் சின்னச் சீசாவில் கிடைக்கும் ஸ்டெய்னர் போதும்: பர்ன்ட் அம்பர், கறுப்பு, மஞ்சள் ஆக்ஸைடு. குழித் தரைக்குக் கறுப்புக் கூடுதல், வரப்புக்கு மஞ்சளும் வெள்ளையும் கூடுதல். ஈரமண் எப்போதும் கருமையாக இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே பழுப்பு அடித்தால் சாக்லேட் கேக் வெட்டியது போல ஆகிவிடும்.

மணல் உதிர்கிறது

ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் மேசையில் ஒரு கை மணல் கிடந்தால், பசை மணலின் மேல் தோலில் மட்டும் நின்றிருக்கிறது, உள்ளே இறங்கவில்லை. ஒரு பங்கு பசைக்கு மூன்று பங்கு தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். அந்தச் சொட்டு இல்லையென்றால் பசைநீர் சேப்பங்கிழங்கு இலைமேல் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும். சொட்டுக் குழாயால் விளிம்பிலிருந்து ஊறவிடுங்கள். தூரிகையால் தேய்த்தால் மணல் முழுக்கத் தூரிகைக்கு வந்துவிடும்.

எம்-சாண்ட் இந்த அளவுக்குக் கரடு. பூச்சு வேலைக்கு வாங்கும் பி-சாண்டை டீ வடிகட்டியில் சலித்தால் 28 மி.மீ. வீரர் காலடிக்குப் பொருத்தமான மண் கிடைக்கும். கிரானைட் தூளும் நன்றாக ஒட்டும், ஆனால் அதை உலர்ந்த நிலையில் ஊதவோ சலிக்கவோ கூடாது. நுரையீரலுக்குக் கெடுதல். தண்ணீரில் குழைத்தே பயன்படுத்துங்கள்.

வறண்ட ஏரி மாதிரி வெடிப்பு

வால் புட்டியை ஒரே மூச்சில் தடிமனாக அப்பி, ஃபேனுக்கு அடியில் வைத்திருக்கிறீர்கள். மேல்தோல் முதலில் காய்ந்து சுருங்குகிறது, உள்ளே இன்னும் ஈரம். 2 மி.மீ.க்குமேல் ஒரு தடவையில் போடக் கூடாது. புட்டியில் கொஞ்சம் வெள்ளைப் பசையும் ஒரு பிடி பி-சாண்டும் சேருங்கள், அப்படியே பழுப்பு ஸ்டெய்னரும். நிறம் கலந்திருந்தால் பின்னால் மூலை பெயர்ந்தாலும் வெள்ளைப் பல் தெரியாது. நிழலில் காயட்டும்.

விழுந்த வெடிப்புக்கு: இட்லி மாவைவிடத் தளர்வாகப் புட்டி கரைத்து, வெடிப்பில் விட்டு, ஈரத் துணியால் துடையுங்கள். தட்டிப் பார்த்தால் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் வருகிறதா? அடியில் ஒட்டவில்லை என்று அர்த்தம். அதைப் பூசி மூடாமல் பெயர்த்தெடுங்கள்.

தேங்கிய தண்ணீர் காயவே இல்லை, அல்லது பால் மாதிரி ஆகிவிட்டது

எபாக்ஸி ரெசின் தொட்டால் ஒட்டுகிறது என்றால் கலவை விகிதம் தப்பியிருக்கிறது, அல்லது கோப்பை ஓரத்தில் இருந்தது கலக்கப்படவில்லை. டப்பாவில் எழுதியிருப்பது கன அளவா எடையா என்று பாருங்கள், இதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். மூன்று நான்கு நிமிடம், ஓரத்தைச் சுரண்டிச் சுரண்டிக் கலக்க வேண்டும். லேசாகப் பிசுபிசுப்பு மட்டும் என்றால் சரியாகக் கலந்த மெல்லிய கோட் ஒன்று மேலே விட்டால் சரியாகும். எண்ணெய் மாதிரி ஓடினால் முழுவதும் வழித்தெடுக்க வேண்டும், வேறு வழியில்லை. மார்கழியில் ஓசூர்க்காரர்கள் அவசரப்பட வேண்டாம். குளிரில் ரெசின் மெதுவாகத்தான் இறுகும். நம் சித்திரையில் நேர்மாறு, கலக்கி முடிப்பதற்குள் கோப்பையிலேயே சூடேறி இறுகிவிடும். அப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். தடிமனாக ஊற்றினால் அந்தச் சூடே அடியில் உள்ள ஃபோமை உருக்கும். 3 மி.மீ. அடுக்கு போதும்.

பால் மாதிரி கலங்கினால் அடியில் ஈரம் இருந்திருக்கிறது. வெள்ளைப் பசையையே தண்ணீருக்காகத் தேக்கியவர்களுக்கும் இதே கதி: மேலே தோல் கட்டி, நடுவில் வெள்ளையாகவே நின்றுவிடும். மேல்தோலைக் கீறிவிட்டு ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். தெளியாவிட்டால் மேலே பழுப்புச் சாயம் தடவி அதன்மேல் பளபளப்பு வார்னிஷ் அடியுங்கள். சேற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

ஊற்றும் முன் குழித் தரையின் விளிம்பெல்லாம் அடைத்தாயிற்றா என்று ஒருமுறை பாருங்கள். என் முதல் ரெசின் பலகையில் நிற்காமல் சாப்பாட்டு மேசையில் நின்றது. அம்மா இன்றைக்கும் விருந்தாளிகளிடம் அதைக் காட்டுவார்.

மணல் மூட்டை அடுக்கியதா, இட்லி அடுக்கியதா?

எம்-சீலில் உருட்டும்போது எல்லாம் ஒரே குண்டாக வருகிறது. 1:56-ல் ஒரு மூட்டை சுமார் 9 மி.மீ. நீளம், தட்டையாக, பக்கத்து மூட்டையின்மேல் தொய்ந்து கிடக்க வேண்டும். செங்கல் மாதிரி இணைப்பு மாற்றி அடுக்கி, ஈரம் இருக்கும்போதே பழைய வேட்டித் துணியை மேலே வைத்து அழுத்துங்கள். நெசவும் பதியும், தொய்வும் வரும். இறுகிப்போன இட்லிகளைப் பெயர்க்க வேண்டாம், பின்வரிசையில் போட்டு முன்னால் புதிது அடுக்குங்கள்.

சுவர்ப் படல் பாய் மாதிரி தெரிகிறது

குச்சியும் நெசவும் ஒரே கனத்தில் இருந்தால் அப்படித்தான் தெரியும். நட்டுக்குத்தான குச்சி கனமாக, குறுக்கே ஓடுவது மெல்லியதாக, கொஞ்சம் கோணலாக. ஆட்டுப்பட்டிப் படலைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குச்சிக்கு விளக்குமாற்று ஈர்க்கு. நெசவுக்குப் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் ஒதுக்கிப் போட்ட பழைய மூங்கில் சந்திரிகையின் (புழு கூடு கட்டும் தட்டின்) சிம்பு. பிளாஸ்டிக் வலை வந்தபிறகு அவை பல வீட்டுப் பின்கட்டில் சும்மா கிடக்கின்றன. அரை மணி தண்ணீரில் ஊறவைத்தால் ஒடியாமல் வளையும்.

முள்கம்பி கட்டுக்கம்பியாகத் தெரிகிறது

அது கட்டுக்கம்பிதான், அதனால். ரொம்பத் தடிமன். ஆழ்துளைக் கிணறு இருக்கும் ஊரில் எரிந்துபோன மோட்டாருக்குப் பஞ்சமா? காயில் கட்டும் கடையில் பழைய செம்புக் கம்பி ஒரு பிடி கேளுங்கள். இரண்டு இழையை முறுக்கி, பென்சிலில் சுற்றி, இழுத்துத் தளர்த்திவிடுங்கள். வார்னிஷ் பூச்சின்மேல் பெயிண்ட் நிற்காது, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தபின் துருப் பழுப்பு அடியுங்கள். கம்பியில் ஒரு பாதை உடைந்தது போலவும் செய்து வைக்கலாம். அந்த வேலைக்கான நீண்ட குழாய் வெடியை 1912-ல் உருவாக்கியவர் மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவின் கேப்டன் மெக்ளின்டாக். நடந்தது பெங்களூரில், அதனால்தான் பெங்களூர் டார்பிடோ என்று பெயர். கிருஷ்ணகிரியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். ஈர்க்குச்சி ஒன்றை வெட்டிச் சாம்பல் நிறம் அடித்தால் டார்பிடோ தயார்.

பூசணமும் பூச்சியும்

மைதாப் பசையில் காகிதக்கூழ் செய்தவர்களுக்கு ஐப்பசி மழையில் இது வரும். கரப்பான் வரப்பையே தின்றுவிடும். மைதாவை விட்டுவிடுங்கள். இயற்கை மண், காய்ந்த வேர், பாசி எதுவானாலும் வாணலியில் வறுத்த பிறகே பலகைக்கு வர வேண்டும். பூசணம் பிடித்த இடத்தைச் சுரண்டி, வெயிலில் காட்டி, பசைநீர் பூசி மூடுங்கள். கரையான் ஏறியிருந்தால் அந்தப் பலகையை வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

இரண்டு பலகை சேரும் இடத்தில் ட்ரெஞ்ச் சந்திக்கவில்லை

ஆளுக்கொரு பலகை செய்து ஞாயிற்றுக்கிழமை சேர்க்கும் கூட்டத்துக்கு இது கட்டாயம் வரும். எல்லோரும் அளவுகோல் வைத்துத்தான் அளந்தோம் என்பார்கள். அளவுகோல் வேண்டாம். ட்ரெஞ்சின் குறுக்குவெட்டை அப்படியே ஒரு சன்போர்டில் வெட்டி, அந்த ஒரே அச்சைக் கைமாற்றிக்கொள்ளுங்கள். வாய் எப்போதும் பலகை விளிம்பின் நடுவில், 30 செ.மீ.யில். ஏற்கெனவே தப்பிய பலகைக்கு, இரண்டு விரல் அகலத்தில் இடிந்த மூட்டைக் குவியல் ஒன்றைத் தனியாகச் செய்து இணைப்பின்மேல் வையுங்கள்.

கொண்டுபோன இடத்தில் எல்லாம் கழன்று விழுந்தது

பலகைகளை முகத்துக்கு முகம் வைத்து, மூலைக்கு மூலை கட்டை கொடுத்து, சைக்கிள் ட்யூபால் கட்டினால் பஸ்ஸிலும் கிருஷ்ணகிரி போய்ச் சேரும். ஆனால் ஹாட் க்ளூ போட்டவர்கள் வெயிலில் காரை மூடி நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். அந்தப் பசை சூட்டில் இளகும். திரும்பி வந்தபோது என் ஏணிகளும் கம்பித் தூண்களும் குழித் தரையில் படுத்துக் கிடந்தன. பழைய பசையின் ஓரத்தில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டால் அது மிட்டாய் உறை மாதிரி உரிந்து வரும். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, எபாக்ஸி வைத்து, குண்டூசியால் குத்தி நிறுத்தி, ஒரு ராத்திரி விடுங்கள்.